இரவில் தாளம் தப்பும் மணிக்கூடு

வடமராட்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது. வேண்டிய பகுதியை மட்டும் இங்கே தருகிறேன்.

"டொக்டர், என் கணவருக்கு 51 வயது. வெங்காயத் தோட்டம் செய்கிறவர். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததாம். அதனால் வால்வு சுருங்கிவிட்டது என்று நாலு மாதத்துக்கு முன் கொழும்பில் ஒபரேஷன் செய்து, இருதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு மெட்டல் வால்வு வைத்தார்கள். காயம் ஆறிவிட்டது. முந்தி மாதிரி இளைப்பும் இல்லை. ஆனால் இருதயம் ஒழுங்காக அடிப்பதில்லை. 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிறது. இரவில் பக்கத்தில் படுத்தால் மணிக்கூடு மாதிரி டிக் டிக் என்று கேட்கும். நாலு தரம் வேகமாக அடிக்கும், பிறகு ஒரு இடைவெளி, பிறகு ஒரு பெரிய டிக். அந்த இடைவெளியில் எனக்கு உயிர் போய் வரும். விடியும்வரை எண்ணிக்கொண்டு கிடக்கிறேன். கனடாவில் இருக்கிற தம்பி அனுப்பிய கைக்கடிகாரமும் ஒழுங்கில்லை, ஒழுங்கில்லை என்று நாள் முழுக்க அறிவிக்கிறது. இரத்தம் கட்டியாகாமல் இருக்கக் கொடுக்கிற வார்ஃபரின் எலிப் பாஷாணம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். இலைவகை கொடுக்கக்கூடாது என்று கேள்விப்பட்டு நாலு மாதமாக முருங்கையிலையை நான் வீட்டுக்குள் எடுக்கவில்லை. அவர் சாப்பாட்டில் கோபிக்கிறார். வால்வு மாற்றியும் ஏன் இப்படி? அந்த இடைவெளியில் இருதயம் நின்றுவிடுமா? நான் வேறு அறையில் போய்ப் படுத்தால் பிழையா?"

தங்கச்சி, அந்த இடைவெளியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதையெல்லாம் ஆறுதலாக வாசிக்கலாம்.

உங்களுக்குக் கேட்பது வால்வின் இரண்டு சின்னக் கதவுகள் மூடும் சத்தம். (மெட்டல் வால்வு என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் அந்தக் கதவுகள் பெரும்பாலும் இறுக்கமான ஒருவகைக் கரியால் செய்யப்பட்டவை.) இருதயத்தின் கீழறை சுருங்கும் ஒவ்வொரு தரமும் அவை மூடும். தாளம் ஒழுங்கில்லாதபோது ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே உள்ள நேரம் கூடிக் குறையும். அரை விநாடியாகவும் இருக்கும், ஒன்றரை விநாடியாகவும் இருக்கும். இடைவெளி நீண்டால் கீழறைக்குள் இரத்தம் நிரம்பக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. நிறைய நிரம்பியதால் அடுத்த துடிப்பு பலமாக விழுகிறது. நீங்கள் எழுதிய அந்தப் 'பெரிய டிக்' இதுதான். உங்களுக்கு உயிர் போகும் அந்த நேரத்தில் அவருடைய இருதயம் இரத்தத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறது. அவர் மயங்கி விழாமல், கண் இருட்டாமல் இருக்கும்வரை அந்த இடைவெளிக்குப் பயப்பட வேண்டாம்.

இது ஏன் வருகிறது? ஒழுங்கான இருதயத்தில் வலது மேலறையில் உள்ள ஒரு சிறிய கணு, ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தரம் கட்டளை கொடுக்கும். இந்தக் கோளாறில் அந்தக் கட்டளை எடுபடாது. மேலறைகள் முழுக்கத் தாறுமாறான மின்னலைகள் ஓடுகின்றன, நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை. மேலறைகள் சுருங்குவதை விட்டு நடுங்கத் தொடங்குகின்றன. நல்லவேளையாக மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் அந்த மின்னலைகள் கடக்க ஒரு வாசல் உண்டு (வால்வு அல்ல, இது வேறு). நல்லூரில் தேரன்று சனம் எவ்வளவுதான் நெருக்கினாலும் வாசலால் சிலர் சிலராகத்தான் உள்ளே போகலாம் அல்லவா? அதே கதைதான். யார் எப்போது புகுவார் என்று சொல்ல முடியாது. அதனால் கீழறை ஒழுங்கில்லாமல் அடிக்கிறது. அவர் குடிக்கிற பிசோப்ரோலோல், மெட்டோப்ரோலோல், டிஜொக்சின் போன்ற குளிசைகள் அந்த வாசலை இன்னும் கொஞ்சம் ஒடுக்கி வைக்கின்றன. சனத்தைக் கலைப்பது அவற்றின் வேலையல்ல. ஆகவே குளிசை குடித்தும் ஒழுங்கு வரவில்லையே என்று யோசிக்காதீர்கள். வேகம் அடங்கினால் குளிசை தன் வேலையைச் செய்கிறது.

வால்வு ஒபரேஷன் செய்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு, சில வகை ஒபரேஷன்களில் பாதிப்பேருக்குக்கூட, முதல் சில நாட்களில் இந்தத் தாளக்கோளாறு வரும். பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் தலைகாட்டும். இருதயத்தில் கைவைத்ததால் வரும் அழற்சி, உடம்பில் நீரின் ஏற்ற இறக்கம், பொட்டாசியம் மக்னீசியம் குறைவது, எல்லாம் சேர்ந்து அதைக் கொண்டுவரும். அப்படி வந்தது பலருக்கு ஆறு கிழமைக்குள் தானாக அடங்கிவிடும். உங்கள் கணவருடைய கதை அதுவல்ல என்று நினைக்கிறேன். சின்ன வயதில் வந்த அந்த மூட்டுக் காய்ச்சல், தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமியின் பின்விளைவு. ஒரே மண்டபத்தில் பல குடும்பங்கள் நெருங்கிப் படுத்த காலங்களில் அந்தக் கிருமி இலகுவாகப் பரவும். நம்முடைய தலைமுறையில் வால்வு பழுதான பலருக்குக் கதை அங்கேதான் தொடங்குகிறது. வால்வு ஆண்டாண்டாகச் சுருங்கியிருந்ததால் அதற்கு மேலே உள்ள இடது மேலறை வெளியே தள்ள முடியாத இரத்தத்தைத் தாங்கித் தாங்கி விரிந்து போயிருக்கும், தசையில் தழும்பும் விழுந்திருக்கும். கொழும்பில் மாற்றியது கதவை. சுவர் பழைய சுவர்தான். ஒபரேஷன் பிழையாகப் போய்விட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. இளைப்பு நின்றுவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

சரி, ஒழுங்கைத் திருப்பிக் கொண்டுவர வழியே இல்லையா? உண்டு. அமியோடரோன் என்ற மருந்து இருக்கிறது. மயக்கம் கொடுத்து நெஞ்சில் மின்னதிர்ச்சி கொடுக்கும் முறையும் இருக்கிறது. மின்னதிர்ச்சிக்கு முன் குறைந்தது மூன்று கிழமையும் பின் நாலு கிழமையும் இரத்தம் உரிய அளவில் நீர்த்திருக்க வேண்டும். மேலறை மிகவும் விரிந்திருந்தால் சரிவந்தாலும் நிலைக்காது, கொஞ்ச நாளில் மறுபடி பழைய தாளம்தான். ஆகவே அடுத்த கிளினிக்கில் இந்த இரண்டு கேள்வியைக் கேளுங்கள்: எக்கோவில் (இருதயத்தை ஸ்கான் செய்து பார்க்கும் பரிசோதனை) இடது மேலறையின் அளவு என்ன, தாளத்தைத் திருப்ப ஒருதரம் முயன்று பார்க்கலாமா. "வேண்டாம், வேகத்தை மட்டும் அடக்கி வைப்போம்" என்று பதில் வந்தால் உங்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். இதே தாளத்தோடு இருபது வருடத்துக்கு மேல் தோட்டமும் கடையும் பார்க்கிறவர்கள் என் கிளினிக்கிலேயே இருக்கிறார்கள். அமியோடரோன் தொடங்கினால் ஒன்றைக் கவனிக்க வேண்டும், அது வார்ஃபரினின் பலத்தைக் கூட்டும். வெயிலில் தோலும் எரியும். நம்முடைய வெயிலில் தோட்டத்தில் நிற்கிற மனிதருக்கு அது சின்ன விஷயமல்ல, தொப்பியும் நீளக்கைச் சட்டையும் வேண்டும்.

தாளத்தைவிட எங்களுக்குப் பெரிய கவலை வேறொன்று. மேலறை நடுங்கிக்கொண்டு நின்றால் இரத்தம் ஒரு மூலையில் தேங்கும். ஓடாத வாய்க்காலில் பாசி பிடிக்கும் என்று தோட்டக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படித் தேங்கிய இடத்தில் இரத்தம் கட்டியாகி, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம். கட்டி வால்விலேயே ஒட்டினால் வால்வின் கதவு இறுகும். மெட்டல் வால்வு ஒரு காரணம், தாளக்கோளாறு இன்னொரு காரணம், இரண்டும் சேர்ந்ததால்தான் வார்ஃபரின் அவருக்கு வாழ்நாள் முழுக்க.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னது பொய்யல்ல, பாதிக் கதை. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கிலும் பூஞ்சணம் பிடித்த தீவனம் தின்ற மாடுகள் இரத்தம் நிற்காமல் செத்தன. காரணத்தைத் தேடிப் போனவர்கள் ஒரு இரசாயனத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகத்தான் சந்தைக்கு வந்தது. 1954இல் மனிதருக்குக் கொடுக்க அனுமதி கிடைத்தது. அடுத்த வருடம் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கே அதைக் கொடுத்தார்கள். எலிக்கும் மனிதருக்கும் மருந்து ஒன்றுதான், அளவுதான் வேறு. அந்த அளவைப் பார்க்கத்தான் ஐ.என்.ஆர் என்ற இரத்தப் பரிசோதனை. அந்த எண் கூடினால் இரத்தம் கட்டியாக நேரம் எடுக்கும், குறைந்தால் கெதியில் கட்டியாகும். மைட்ரல் இடத்தில் மெட்டல் வால்வு உள்ளவருக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை வைத்திருக்கப் பார்ப்போம். உங்கள் கணவருக்கு எழுதித் தந்த எல்லை எதுவோ அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

இரத்தப் பரிசோதனை தேவையில்லாத புது மருந்துகள் இருக்கின்றனவே என்று தம்பி அடுத்ததாகக் கனடாவிலிருந்து கேட்பார். இருக்கின்றன, வேறு நோயாளிகளுக்கு நல்லவை. மெட்டல் வால்வு உள்ளவர்களுக்கு அவற்றில் ஒன்றான டபிகாட்ரானைக் கொடுத்துப் பார்த்தபோது கட்டியும் கூடியது, இரத்தப்போக்கும் கூடியது, ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். 2013இல் அந்த முடிவு வெளிவந்தது. ஆகவே பார்சலில் வந்தாலும் தொடவேண்டாம்.

இனி முருங்கையிலை. இந்தப் பகுதியைக் கவனமாக வாசியுங்கள், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே ஒரு சட்டி வறை வறுத்துவிடுவீர்கள் என்று பயப்படுகிறேன். இலைகளில் விட்டமின் கே நிறைய உண்டு, வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்வது அது. இலை கூடினால் ஐ.என்.ஆர் இறங்கும், குறைந்தால் ஏறும். அதனால் இலையைத் தடைசெய்யத் தேவையில்லை, கூட்டிக் குறைக்காமல் இருந்தால் போதும். சனி ஞாயிறு மட்டும் அள்ளிச் சாப்பிட்டுவிட்டு மற்ற நாட்களில் தொடாமல் இருப்பதுதான் ஐ.என்.ஆரைக் குழப்பும். ஆனால் உங்கள் வீட்டில் நாலு மாதமாக இலையே இல்லை. அவருடைய இன்றைய குளிசை அளவு இலையில்லாத சாப்பாட்டுக்குப் பொருத்திப் போட்ட அளவு. திடீரென்று முருங்கையிலையும் வல்லாரைச் சம்பலும் பொன்னாங்காணியும் வந்தால் இரத்தம் தடிக்கும். ஆகவே கிளினிக்கில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கிழமையில் இரண்டு நாள், அந்த இரண்டு நாளும் ஒரே அளவு, இரண்டு மேசைக்கரண்டி வறை என்று வையுங்கள். ஒரு கிழமை பத்து நாளில் ஐ.என்.ஆர் பார்த்து, வேண்டுமானால் குளிசையை அவர்கள் கூட்டுவார்கள். பிறகு அந்த அளவிலேயே நில்லுங்கள். ஒடியல் கூழ் காய்ச்சினால் அதற்குள் போடும் முருங்கையிலையும் கணக்கில் சேரும், அந்தக் கிழமை ஒருநாள் வறையைக் குறையுங்கள். கறிவேப்பிலையைப் பற்றியெல்லாம் மண்டையை உடைக்க வேண்டாம், நாங்கள் அதைத் தாளிக்கப் போடுகிறோம், சோறாகச் சாப்பிடுவதில்லை. விரத நாட்களைத்தான் கவனிக்க வேண்டும். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி கிடந்தால் ஐ.என்.ஆர் எகிறும், நீர் வற்றினால் தாளமும் கெடும். ஒரு நேரம் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துப் பிடிக்கிற விரதமென்றால் முன்கூட்டியே கேட்டுச் செய்யலாம். காவடிக்கு அலகு குத்துவது முடியவே முடியாது. முருகன் கோபிக்கமாட்டார்.

தேத்தண்ணீர், கோப்பி அளவோடு குடித்தால் இந்தத் தாளத்துக்குக் கேடில்லை. கள்ளு அப்படியல்ல. ஒரேயடியாகக் குடித்த இரவுக்கு அடுத்த நாள் தாளம் கெட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பழகிவிட்டோம். ஐ.என்.ஆரும் ஆடும்.

குளிசை விஷயத்தில் ஒன்று: நிறத்தைப் பார்த்துக் கொடுக்காதீர்கள். கம்பனி மாறினால் நிறமும் மாறலாம். பெட்டியில் 1 மில்லிகிராமா, 3ஆ, 5ஆ என்று பார்த்து எடுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரம், இரவுச் சாப்பாட்டோடு என்றால் மறக்காது. மறந்து அன்றிரவே ஞாபகம் வந்தால் கொடுக்கலாம், அடுத்த நாள் ஞாபகம் வந்தால் விட்டுவிடுங்கள், இரட்டிப்பாகக் கொடுக்கக்கூடாது, கொப்பியில் குறித்து வையுங்கள். தோட்டத்தில் குனிந்து நாரி நோகிறது என்று கடையில் டைக்ளோஃபெனாக், புரூஃபன் வாங்கிப் போட வேண்டாம், வயிற்றுக்குள் இரத்தம் கசியும். பனடோல் அளவாக எடுக்கலாம். தொண்டைக்கு, பல்லுக்கு, வயிற்றுக்கு என்று அன்ரிபயோட்டிக் எழுதும் எந்த வைத்தியருக்கும் வார்ஃபரின் குடிக்கிறார் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கசாயம், லேகியம், வெளிநாட்டுச் சத்துக்குளிசை எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். பல் பிடுங்குவதென்றால் இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும், வால்வு மாற்றியது. முன்கூட்டியே ஒரு வேளை அன்ரிபயோட்டிக் கொடுத்துவிட்டுத்தான் பிடுங்குவார்கள், இல்லாவிட்டால் வாய்க் கிருமி வால்வில் போய்க் குடியேறலாம்.

மாரி வருகிறது என்பதால் டெங்குவையும் சொல்லவேண்டும். வார்ஃபரின் குடிக்கிற ஒருவருக்கு டெங்கு வந்து, இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவும் குறைந்தால் இரத்தப்போக்கு இரண்டு பக்கத்தாலும் வரும். மற்றவர்கள் மூன்றாம் நாள்வரை பார்த்துக்கொண்டிருக்கலாம், இவருக்குக் காய்ச்சல் என்றால் முதல் நாளே மந்திகை ஆஸ்பத்திரிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுபோங்கள். டெங்கு இல்லையென்றாலும் வால்வில் கிருமி பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

கைக்கடிகாரத்துக்கு வருவோம். அதற்குள் இருக்கும் 'ஒழுங்கில்லை' என்ற அறிவித்தல், தங்களுக்கு இந்தக் கோளாறு இருப்பதே தெரியாத ஆட்களுக்காகச் செய்தது. ஏற்கெனவே தெரிந்தவருக்கு அது, மழை பெய்யும்போது நனைகிறாய், நனைகிறாய் என்று கத்துகிற பிள்ளை மாதிரி. அந்த அறிவித்தலை நிறுத்திவிடுங்கள். தம்பிக்கு நன்றி சொல்லிவிட்டு அதில் நேரம் பாருங்கள்.

எண்ணத்தான் வேண்டும் என்றால் முறையாக எண்ணுங்கள். காலையில் எழும்பி, குளிசைக்கு முன், ஐந்து நிமிடம் அமர்ந்திருக்கச் சொல்லி, மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக இரண்டு விரலை வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் இந்தத் தாளத்தில் கணக்குப் பிழைக்கும். உங்கள் வீட்டில் இன்னும் நல்ல வழி இருக்கிறது, அந்த டிக் சத்தத்தையே எண்ணலாம். மெல்லிய துடிப்புகள் மணிக்கட்டுக்கு வந்து சேராமல் போகும், வால்வு மூடுவது காதுக்குத் தப்பாது. ஓய்வில் 110க்குக் கீழே இருந்தால், அவருக்கும் இளைப்பு படபடப்பு இல்லையென்றால், போதும். சிலருக்கு இன்னும் குறைவாக வைத்திருக்கப் பார்ப்போம், அதை உங்கள் கிளினிக்கில் சொல்வார்கள். ஒரு நாளைக்கு ஒரு தரம், ஒரு எண். அதற்கு மேல் எண்ணுவதால் எனக்குக் கூடுதல் தகவல் எதுவும் கிடைப்பதில்லை.

ஒழுங்கில்லாமல் கேட்பது பழகிப்போகும். நான் பயப்படுவது, கேட்டுக்கொண்டிருந்த அந்தத் தெளிவான டிக் மங்கிப் போனாலோ, கேட்காமலே போனாலோதான். வால்வின் கதவில் இரத்தக்கட்டி ஒட்டினால் அப்படி நடக்கும், கூடவே இளைப்பும் வரும். அப்போது கிளினிக் நாள்வரை நிற்காமல் அன்றைக்கே வரவேண்டும். வாய் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சுக் குழறினால், பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும்கூட, உடனே 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம், ஓட்டோ பிடித்து நேரம் கழிக்காதீர்கள். மயங்கி விழுந்தாலும் அப்படியே. ஓய்வில் 130க்கு மேல் அடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாலும், 50க்குக் கீழே போய்த் தலைசுற்றினாலும் அப்படியே. மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனால், தலையில் அடிபட்டால், காயமே தெரியாவிட்டாலும் வாருங்கள். மண்வெட்டி காலில் பட்டால் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. வேறு அறையில் படுப்பது பிழையே இல்லை. நாலு மாதமாக நித்திரையில்லாத நீங்கள் ஒருநாள் குளிசையை மாற்றிக் கொடுத்துவிடுவீர்களோ என்பதுதான் எனக்குப் பயம். ஆனால் நீங்கள் போய்விட்டால் அவருக்கு வேறு மாதிரித் தோன்றலாம். ஒபரேஷன் செய்த பிறகு 'என்னைக் கண்டு பயப்படுகிறாள்' என்று மனதுக்குள் வைத்துப் புழுங்கும் ஆண்கள் உண்டு. அந்தச் சத்தம் அவருக்கும் கேட்கிறது, தெரியுமா? உங்களைவிடக் கூடுதலாகவே கேட்கும், தலையணைக்குள்ளால் காதுக்கே வரும். அதைப்பற்றி இருவரும் ஒருதரம் கதைத்திருக்கிறீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கதையுங்கள். அறையை மாற்ற முன்பு இதைச் செய்து பாருங்கள்: இடப்பக்கம் சரிந்து படுத்தால் இருதயம் நெஞ்சுச்சுவரோடு ஒட்டிச் சத்தம் கூடும், அவரை வலப்பக்கம் சரிந்து படுக்கச் சொல்லுங்கள். மேசைக் காற்றாடியை உங்கள் தலைமாட்டில் வைத்து ஓடவிடுங்கள். கொஞ்சம் பழைய காற்றாடி என்றால் இன்னும் நல்லது, அதன் இரைச்சலில் வேறொன்றும் கேட்காது.